மூன்று பிலிம்கள்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்களை உட்கார்ந்த வரிசைப்படியே எழுதிவிடுகிறேன். முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் செந்தாமரை மேடம். அவருக்கு வலப்பக்கம் என் வழிகாட்டி தேவநாதன் சார். இரண்டாம் வரிசையில் துறை ஆசிரியர்கள் ஐந்து பேர். மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, என் ஆய்வகத் தோழி அஸ்வினி. கடைசி வரிசையில் கதவோரம் என் அம்மா அமலா, மடியில் லட்டு டப்பாவோடு.

விழுப்புரத்துக் கல்லூரியில் என் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அது. முடிந்ததும் தேர்வு கொடுத்தவர் வீட்டார் எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பது அங்கே வழக்கம். அதற்காக அம்மா வயலில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. ஆறிய கறிக்குழம்பின் மேல் கொழுப்பு சேர்வதுபோல, அதில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகள் உண்டு. லிப்பிட் ராஃப்ட் என்பார்கள். ‘வளர்’ என்ற சேதியை வாங்கும் புரதங்கள் சில அங்கேதான் கூடுகின்றன. புற்றுநோய்ச் செல்லில் அந்தச் சேதி ஓய்வதில்லை. நான் மருந்து போட்டுக் கொலஸ்ட்ராலை உறிஞ்சினேன், சேதி அடங்கியது. கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்தேன், சேதி திரும்பியது. இதைத் திரையில் காட்டினேன். சேதி இருந்தால் எக்ஸ்ரே பிலிமில் கருப்புக் கோடு விழும்; அது மறைந்து, மறுபடி வந்திருந்தது.

“திருப்பிக் கொடுத்து எத்தன தடவ பாத்தீங்க?” என்று மேடம் கேட்டார்.

“மூணு தடவ மேடம்.”

பொய்யில்லை. மூன்று தடவை செய்தேன். ஆனால் கோடு திரும்பியது முதல் தடவை மட்டுந்தான். மற்ற இரண்டிலும் வரவேயில்லை. அப்படியென்றால் ராஃப்ட் கலைந்ததால் சேதி அடங்கியது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மருந்து தாங்காமல் செல்லே செத்துக்கொண்டிருந்திருக்கலாம். அந்த இரண்டு பிலிம்களும் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. சாருக்குக்கூட நான் காட்டவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அஸ்வினி தட்டவில்லை. இரண்டாம் தடவை என்னோடு நின்று அந்தப் பிலிமைக் கழுவியவள் அவள்.

அம்மா லட்டு நீட்டியபோது அஸ்வினி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நீங்க பொய் சொல்லலக்கா. அதான் பேஜாரா இருக்குது.”

“இப்ப ஏன்டீ?”

“திங்கக்கிழம என் வேலய ஆரம்பிக்கணும். உங்க முடிவு மேலதான் ரெண்டு வருஷம் ஓட்டணும். எந்த பிலிம நம்பி ஓட்டறது, சொல்லுங்க. லட்டு மட்டும் சோக்கா இருக்குது.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லட்டைப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கண்டக்டரைக்கூட விடவில்லை. “எம் பொண்ணு டாக்டராயிட்டா சார். ஊசி போடற டாக்டரில்ல, படிச்ச டாக்டரு. ஒரே வேலய மூணு தடவ செஞ்சி பாத்தாளாம்!”

“மூணு தடவயா? நம்ம பஸ்ஸு ஒரு தடவயே தள்ளாடிக்கினு போவுது” என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியும் காது எரிந்தது.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். தேவநாதன் சாரிடம் இரண்டு பிலிம்களையும் வைத்தேன். நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பட்டம் நின்னு போவும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“எங்கிட்ட முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செந்தாமரை மேடத்துக்கு மின்னஞ்சலை நான்கு முறை அடித்து நான்கு முறையும் அழித்திருந்தேன். ஆகவே தாளில் எழுதினேன். முதலில் என்ன செய்தேன், அடுத்து எதை மறைத்தேன், பிறகு அவருடைய தேர்வு அறிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன் என்பது. சோதனையை மறுபடி செய்கிறேன், செல் உயிரோடிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று முடித்தேன். ‘தெரியாமல்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப லட்டு தின்னவங்களுக்கு என்னா சொல்லுவ?”

ஈர டப்பாவை வாங்கித் துடைத்து வைத்தேன்.

திண்டிவனம் தபால் நிலையத்தில் மூன்று பிலிம்களின் நகல்களையும் கடிதத்தோடு வைத்துப் பசை தடவி ஒட்டினேன். கவுன்டரில் இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.