வெட்டாத துடுப்பு

டெல்ஃபின் கத்தியை ஓங்கி இறக்கினாள். சால்மன் மீனின் தலை பலகையிலிருந்து எகிறிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

"அது செத்து ரெண்டு நாளாச்சுடி. இன்னும் எத்தனை தடவை அதைக் கொல்லப் போறே?" என்றாள் பெர்னடைன் அக்கா. "கத்தியை இங்க குடு. இன்னைக்கு நீ இந்தப் பக்கமே வரக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். துக்க வீட்டார் அடுப்படிக்கு வரக் கூடாது. ஊரார் சமைத்துப் போடுவார்கள், அவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்த முறைதான். ஆனால் காலையில் அப்பா அல்வினைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து ஊர்ப் பொதுக் கூடத்தில் உட்கார்ந்து ஆறுதல் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: 'ஆத்து மீன் திரும்பி வந்ததைக் கண்ணால பாத்துட்டுத்தான் போனாரு.' ஐந்தாவது ஆள் சொன்னபோது எழுந்து சமையலறைக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தாள். காலணியில் கல்லறைச் சேறு இன்னும் காயவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா."

"இப்படித்தான் ஆறு மீனுக்கு முன்னாடியும் சொன்னே."

பின்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய பனிப்பெட்டி உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் வெண்டல் வந்தான். மீன் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கும் மேல்கரைப் பொரிப்பகத்தின் மேலாளன், டெல்ஃபினுக்குப் பன்னிரண்டு ஆண்டு முதலாளி. கறுப்புக் கோட்டு, சவரம் செய்த முகம், கண்ணில் அளவான ஈரம்.

"அல்வினுக்காக எங்க பங்கு. முப்பது மீனு," என்றான். "எல்லாம் இன்னைக்குக் காலையில எடுத்தது."

டெல்ஃபின் மூடியைத் திறந்து ஒரு மீனைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டிய சுண்டுவிரல் அளவுச் சின்னத் துடுப்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. குஞ்சாக இருக்கும்போதே வெட்டப்பட்ட முறையான தொட்டி மீன்கள்.

"தேடித் தேடிப் பொறுக்கி எடுத்தீங்களோ?"

வெண்டல் பெர்னடைன் அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு டெல்ஃபினின் முழங்கையைப் பிடித்து வெளியே வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனான். அவள் கையை உதறினாள்.

அந்த ஆற்றில் ஒரு மீன் யாருடையது என்று சொல்வது அந்தச் சின்னத் துடுப்புதான். பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுவார்கள். நான்கு ஆண்டு கழித்துக் கடலிலிருந்து அவை திரும்பும்போது, ஆற்றின் குறுக்கே போட்ட தடுப்பில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பார்கள். துடுப்பு இருந்தால் ஆற்று மீன். மேலே முட்டையிடப் போகலாம். இல்லாவிட்டால் தொட்டி மீன், போகக் கூடாது. தொட்டி மீன் மேலே போய் ஆற்று மீனோடு கலந்தால் சில தலைமுறையில் ஆற்று மீன் என்று ஒன்று இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லியே அல்வின் முப்பது ஆண்டு அந்தத் தடுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். போன ஆண்டு வந்த ஆற்று மீன் இருநூற்றுப் பன்னிரண்டு. இந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் ஆயிரத்து நூற்று நாற்பது.

அந்தச் செய்தியைச் சொல்ல அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது டெல்ஃபினுக்கு உடனே புரிந்துபோயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதம். துடுப்பு வெட்டும் இயந்திரம் பழுது. தண்ணீர் சூடேறி இரண்டு தொட்டியில் குஞ்சுகள் செத்து மிதக்க ஆரம்பித்தன. 'அப்படியே திறந்து விடு, வெட்டியாச்சுன்னு எழுது' என்றான் வெண்டல். வெட்டும் குழுவுக்கு அவள்தான் தலைவி. எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். அறுபதாயிரம் குஞ்சுகள் முழுத் துடுப்போடு ஆற்றில் இறங்கின. கடலில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போகும், மீதியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்போது தோன்றியது. பார்க்கப் போகிறவர் அப்பாதான் என்பது தோன்றவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இரு," என்றான் வெண்டல். "மனுஷன் சந்தோஷமா போனாரு. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"சந்தோஷமாவா? எழுபத்தோரு வயசுல, டாக்டர் படுன்னு சொல்லியும் கேக்காம, 'என் மீனு, நான்தான் தூக்கி விடுவேன்'னு ஆறு வாரமா அங்கயே கிடந்தாரு. தண்ணியிலேயே உக்காந்து செத்தாரு. யாரு மீனைத் தூக்கி விட்டாரு? உன் மீனை! முப்பது வருஷமா எது மேல போகக் கூடாதுன்னு நின்னாரோ, அதையே கையால தூக்கி விட வச்சியேடா!"

"சத்தம் போடாதே. கையெழுத்து உன்னுது."

"தெரியும்."

"வேலை போகும். கேஸும் வரும். உனக்குத்தான் முதல்ல."

"தெரியும்னேன்ல?"

அவன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டான். "திங்கக்கிழமை வலை இறக்கப் போறாங்க. பதினோரு வருஷம் கழிச்சு. உங்க ஆளுங்க முகத்தைப் பாரு. அதைக் கெடுக்கணும்னா கெடுத்துக்கோ." சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வண்டிகளின் பின்பக்கங்களில் வலைகள் ஏற்றித் தயாராக இருந்தன. சாவுக்கு வந்தவர்கள் அதை இறக்கிவைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே வந்திருந்தார்கள். ஆயிரத்து நூறை நம்பித்தான் ஆற்றங்கரை ஊர்களின் கூட்டமைப்பு மறுபடி மீன் பிடிக்க அனுமதி கொடுத்திருந்தது. வலைக்குத் தொட்டி மீனும் தெரியாது, ஆற்று மீனும் தெரியாது. அந்தக் கும்பலோடு வருகிற உண்மையான இருநூறும் அதில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.

அம்மா லவினா கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தடுப்புக் குடிசையிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த அப்பாவின் சாமான்கள் மேசைமேல் இருந்தன. மூக்குக் கண்ணாடி, தொப்பி, சோற்று டப்பா, காகித உறைகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு மீனிலிருந்தும் இரண்டு மூன்று செதில் எடுத்து ஓர் உறையில் போட்டு, மேலே தேதி, நீளம், ஆணா பெண்ணா, ஆறா தொட்டியா என்று எழுதுவது வழக்கம். அவை ஆய்வகத்துக்குப் போய் விடை வர ஜனவரி ஆகும்.

அப்பாவின் எழுத்தைப் பார்ப்பதற்காகத்தான் டெல்ஃபின் உறைகளைப் புரட்டினாள். ஆறு, ஆறு, ஆறு என்று பென்சிலில் அழுத்தி எழுதியிருந்தார். கடைசிக் கட்டுக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. தேதி இருந்தது, நீளம் இருந்தது, பெண் என்று இருந்தது. ஆறா தொட்டியா என்ற இடம் காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும். ஒன்பது நாள் உறைகள் அப்படியே.

"குடிசைல அந்தப் பழைய பூதக்கண்ணாடி வச்சிருந்தாருல்ல," என்றாள் அம்மா, அவளைப் பார்க்காமல். "செதிலை வச்சுப் பாத்திருக்காரு. தொட்டியில வேளாவேளைக்குத் தின்னு வளந்த மீனுக்கு வளையம் ஒரே சீரா இருக்குமாம். எல்லாம் சீரா இருந்துச்சாம்."

"உன்கிட்ட சொன்னாரா?"

"வீட்டுக்கு வந்து, பொரிப்பகத்துல வருஷா வருஷம் அனுப்பின பழைய காகிதத்தையெல்லாம் எடுத்துப் போட்டாரு. எந்த வருஷம், எந்தத் தொட்டி, யாரு கையெழுத்துன்னு பாத்தாரு. அன்னைக்குச் சாப்பிடல."

டெல்ஃபினுக்கு முகம் எரிந்தது. ஒன்பது நாளும் சாயங்காலம் தொலைபேசியில் பேசினார். மழை எப்போது வரும் என்று பேசினார். அவள் வண்டிக்குச் சக்கரம் மாற்றச் சொன்னார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். நேரே வந்து நாலு அறை அறைந்திருக்கலாம். ஊரில் எல்லோரையும், மந்திரியைக்கூட, ஒரு மீனுக்காக வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதர், பெற்ற மகள் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். வைத்துவிட்டுத் தினமும் போய்த் தொட்டி மீனை மேலே தூக்கி விட்டிருக்கிறார். செத்தவர்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏன்மா இப்படிப் பண்ணாரு?"

"ஏன்னு உனக்குத் தெரியாது பாரு!" அம்மா இப்போதுதான் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அந்த வாயை மூடி வச்சதுலதான் அவரு உசிரு போச்சு. ஆத்துல நின்னதுல போகல. அவ்வளவு விலை குடுத்து மூடினதை நீ திறக்காதே."

"திங்கக்கிழமை வலை இறங்கும்மா."

"இறங்கட்டும்."

"இருநூறும் போயிடும்."

"போகட்டும்! என் வீட்டுல ஒருத்தரு போயாச்சு. இன்னும் யாருக்கு என்ன குடுக்கணும் நான்?"

கூடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. லைல் சித்தப்பா எல்லோரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் தம்பி, கூட்டமைப்பின் மீன் குழுவுக்குத் தலைவர். வெளியே நிற்கும் வண்டிகளில் மிக நீளமான வலை அவருடையதுதான். தடுப்பில், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தபடி இருந்த அண்ணனைத் தொட்டுப் பார்த்து உயிரில்லை என்று அறிந்தவரும் அவர்தான்.

இறந்தவரைப் பற்றிப் பேச நான்கு பேரை அழைத்தார்கள். மூன்றாவதாக வெண்டல் எழுந்தான்.

"நான் இந்த ஆத்துக்கு வெளியாளு," என்று தொடங்கினான். "ஆனா அல்வின் என்னைத் தம்பி மாதிரி நடத்தினாரு. தினம் ரெண்டு தடவை திட்டினாரு." கூடம் சிரித்தது. "அந்தத் திட்டுக்குப் பலன் இருந்துச்சு. ஆயிரத்து நூத்தி நாப்பது ஆத்து மீனு. அவரு பேரைச் சொல்லி அதுங்க..."

டெல்ஃபின் எப்போது எழுந்தாள், எப்போது நடந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒலிவாங்கியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அது ஆத்து மீனு இல்ல. எங்க தொட்டி மீனு. நாலு வருஷம் முன்னாடி ரெண்டு தொட்டிக் குஞ்சை வெட்டாம விட்டோம். இவன் விடச் சொன்னான். வெட்டியாச்சுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

ஒரு கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. வெண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முன்வரிசையில் இருந்த ஒருவர் "நீ உக்காரு" என்றார். அவன் உட்காரவில்லை. வாசலைப் பார்த்து நடந்தான். யாரும் அவனுக்கு வழிவிடவில்லை, தடுக்கவும் இல்லை.

"இதைச் சொல்ல இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"திங்கக்கிழமைக்குள்ள வேற எந்த நாளுய்யா இருக்கு? நீயே சொல்லு!"

"உன் கையெழுத்துக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா? ஆத்தை அடைச்சுட்டு உங்கப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு..."

"போதும்," என்றார் லைல் சித்தப்பா. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. ஒலிவாங்கி இல்லாமல், மெல்லக் கேட்டார். "அண்ணனுக்குத் தெரியுமா?"

டெல்ஃபின் கூடத்தின் கோடியைப் பார்த்தாள். அம்மா கதவருகே நின்றாள். 'தெரியாது' என்ற ஒரு சொல் போதும். அப்பா இந்த ஊரில் எப்போதும்போல் இருப்பார். பழி அவளோடு, வெண்டலோடு நிற்கும். அம்மா நின்ற நிலை அதைத்தான் கேட்டது.

மேலே போன மீன்களில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பக் கூடாது என்பதற்கு அந்த உறைகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவை ஏன் காலி என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

"தெரியும்," என்றாள். "ஒன்பது நாளா தெரியும். எனக்காகச் சொல்லல."

அம்மா திரும்பி வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சித்தப்பா கூடத்தைப் பார்த்து, "திங்கக்கிழமை வலை கிடையாது," என்றார். ஒருவன் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவளைக் கடந்து போனவர்களில் ஒருவர்கூட அவள் கையைத் தொடவில்லை. முப்பது மீனும் சமைக்கப்படாமலே பனியில் கிடந்தன.

மூன்று மணிக்கு அவளும் சித்தப்பாவும் தடுப்புக்குப் போனார்கள். ஆறு கலங்கலாக இருந்தது. கீழ்ப்பக்கம் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லா முதுகிலும் துடுப்பு முழுசாக இருந்தது. மேலே போகிற வழியின் பலகைக் கதவை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். அவள் அதே கறுப்பு உடையோடு தண்ணீரில் இறங்கித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அது பழைய தாழ். ஆணி அடித்து முடிக்கும்வரை ஆள் பிடித்தாக வேண்டும்.

"ஒவ்வொண்ணா செதில் பாத்துத்தான் இனிமே விடணும்," என்றார் சித்தப்பா. "ஒரு நாளைக்கு எத்தனை பாக்க முடியும்?"

"இருபது."

"வயித்துல முட்டை அதுவரைக்கும் தாங்குமா?"

அவர் கோட்டைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு ஆணி தேடிக் குடிசைக்குப் போனார்.

பெரிய பெட்டை மீன் ஒன்று கூட்டத்திலிருந்து எகிறிப் பலகையில் மோதி விழுந்தது. தண்ணீருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எகிறியது. மூக்கு கிழிந்து ரத்தம் கசிந்தது. அது ஆற்று மீனா, அவள் கையெழுத்துப் போட்ட மீனா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. மூன்றாவது முறை அது மோதியபோது பலகை அவள் விலாவில் அதிர்ந்தது. டெல்ஃபின் தாழ்ப்பாளை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.