கை ஓட ஒரு மெட்டு

வயலின்காரர்கள் பதினான்கு பேரும் வில்லைத் தொடையில் கிடத்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் ஆலை மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"போன மாசத்த விட ஒரு நூல் வேகம் வேணும் மாஸ்டர். பாட்டு ஓடுனா கை ஓடும், கை ஓடுனா சட்டை கூடும். முடியாதுன்னா சொல்லிருங்க, வேற குழு இருக்கு."

குழுவை நடத்தும் மாஸ்டர் தலையாட்டினார். ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களில் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு வாசித்த குழு அது. பழைய சினிமா மெட்டுகளைப் பாட்டில்லாமல், காதுக்கு மெத்தென்று எழுதித் தருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டல்கள் கைவிட்ட பிறகு, தைக்கிறவர்களுக்காக நாள் முழுதும் பாடும் ஆலையின் ஒலிபெருக்கிதான் எல்லோருக்கும் சோறு போட்டது. அதே ஆலையில் காலர் தைக்கிற வரிசையில் அவர் மனைவிக்கும் ஒரு மெஷின்.

"இதுக்கு மேல கை வராதுங்க. பாட்டு முன்னால போகுது, நாங்க பின்னால ஓடுறோம்," என்று போன வாரம்தான் அவள் சொல்லியிருந்தாள்.

பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டு அவர் ஒரு தந்திரம் செய்திருந்தார். தாளத்தின் வேகத்தைத் தொடவே இல்லை. பாதிப் பேரை மட்டும் வில்லை வைத்துவிட்டு விரலால் கம்பியைச் சுண்டச் சொன்னார், ஒரு அடிக்கு நாலு சுண்டு. கேட்பதற்குத்தான் குதிரை ஓட்டம், உள்ளே அதே பழைய நடை.

மேனேஜர் காலால் தட்டிக்கொண்டே கேட்டார். "இதத்தான் கேட்டேன்," என்றார்.

முதல் வயலின்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "பலே ஆளு மாஸ்டர் நீங்க," என்று காதோரம் சொன்னார். அன்றைக்கு மாஸ்டர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் மனைவி மத்தியானமே வீடு திரும்பினாள். இடது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் ஒடிந்துவிட்டதாம்.

"நான் வேகத்தக் கூட்டவே இல்லியே," என்றார் அவர். "அடிய எண்ணிப் பாத்தியா?"

"அடிய யாருங்க எண்ணுறா? டிக்கு டிக்குன்னு ஒண்ணு வருதே, கை அதுகூடத்தான் போகுது. நிறுத்துன்னாலும் நிக்கல. எங்க வரிசையில ஊசி ஏறுனதுல நான் மூணாவது ஆளு."

அடி வேறு, சுண்டு வேறு என்பது எழுதுகிறவனுக்குத்தானே தெரியும்? நாற்பது வருடம் கையசைத்துப் பிழைத்தவருக்கு இது தோன்றாமல் போயிற்றே.

"விரல் ஆறுனாலும் வர வேண்டாம்னுட்டாங்க," என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "உங்க பாட்டுன்னு யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

மறுவாரம் மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சட்டைக் கணக்கு எங்கயோ ஏறிப் போயிருச்சு மாஸ்டர். அதே மாதிரி இன்னும் ஆறு மெட்டு வேணும். இந்தத் தடவ எல்லாருமே சுண்டட்டும்."

பதினான்கு பேரும் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று முதல் வயலின்காரர் மெல்லக் கேட்டார்.

"தேவல," என்று சொல்லிவிட்டு அவர் கையை உயர்த்தினார். பதினான்கு ஆள்காட்டி விரல்கள் கம்பியின் மேல் வந்து நின்றன.