தூரிட் போட்டுப் பார்த்த ஜாக்கெட்

"கடைக்குப் போகணும், வர்றியா? குளிருக்கு ஒரு ஜாக்கெட் பாக்கணும்" என்று அப்பா அஸ்லக் கேட்டபோது, தூரிட் கடிக்கப்போன ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில்தான் அவள் அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவர் படகில் வருஷக்கணக்காய்க் கூட வந்த ஒட்வார், முழங்கால் வலி தாங்காமல் தொழிலை விட்டு ஒதுங்கிவிட்டான். அவன் இடம் காலி. "இந்தக் குளிர்காலத்துக்கு நான் வர்றேம்பா" என்றாள். அஸ்லக் ஆட்டு விலா எலும்பைச் சப்பிக்கொண்டே "பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து "பாப்போம்" என்று வந்தால் பாதி சம்மதம் என்றுதான் அவள் இத்தனை காலமும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் அந்தப் படகில் அவள்தான் எல்லாம். சுக்கானும் அவள்தான், இன்ஜினும் அவள்தான். ஆனால் பெரிய காட் மீன் கூட்டம் கூட்டமாய்க் கரையோரம் வருவது குளிர்காலத்தில். பேரும் சம்பாத்தியமும் அந்த நாலு மாசத்தில்தான். அப்போது மட்டும் அவள் கரையில். கொட்டகையில் நின்று, உறைந்த கானாங்கெளுத்தியைத் துண்டு போட்டு, தூண்டில் முள்ளில் கோர்த்து, நீளக் கயிற்றைத் தொட்டியில் சிக்கலில்லாமல் சுற்றி வைக்க வேண்டும். அதைக் கடலில் விடுவதும் இழுப்பதும் ஆண்கள். முப்பத்தொரு வயதுவரை இப்படியே போயிற்று.

வார்டோ துறைமுகத்தை ஒட்டிய கடையில் கடைக்காரி பெர்கிட் விளக்கையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடகோடி ஊர், குளிர்காலத்தில் மறைந்த சூரியன் இன்னும் திரும்பி வராத வாரம். முற்பகலிலும் வெளியே நீலம் பூத்த இருட்டுத்தான்.

அவள் முதலில் எடுத்துப் போட்டது உள்ளே இறகு அடைத்த ஜாக்கெட். அஸ்லக் அதைத் தொடக்கூட இல்லை.

"ஒரு அலை அடிச்சா நனைஞ்ச கோழிதான். இதைப் போட்டுக்கிட்டுச் சர்ச்சுக்குப் போலாம். வேற காட்டு."

அடுத்ததை வேண்டாமென்றவள் தூரிட். "இத்தனை வாரும் கயிறும் எதுக்கு? தூண்டில் ஓடுறப்ப ஒரு முள் மாட்டினாப் போதும், ஆளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்."

அஸ்லக் தலையாட்டினார். அவர் தலையாட்டியது அவளுக்கு இதமாக இருந்தது.

மூன்றாவது ஆரஞ்சு நிறம். தையலே தெரியாமல் ஒட்டிய மூட்டுகள். உள்ளே கனத்த கம்பளித் துணி. மணிக்கட்டில் இன்னொரு உள்பட்டை, கையை உயர்த்தினால் தண்ணீர் அக்குள்வரை ஓடாமல் இருக்க. குனிந்தாலும் இடுப்பு திறக்காத நீளம்.

"போட்டுப் பாரு. உள்ள ஸ்வெட்டரோட போடு" என்றார் அஸ்லக்.

போட்டாள்.

"கையைத் தூக்கு. குனி. முட்டி போடு. கயிறு இழுக்கற மாதிரி இழு."

கடை நடுவில் நின்று இல்லாத கயிற்றை இழுத்தாள். பெர்கிட் சிரித்தாள். "மெதுவாடி, என் அலமாரியை இழுத்துப் போட்டுராத!"

"ஜாக்கெட் தொப்பியைப் போட்டுக்கிட்டுத் திரும்பு. முகத்தோட சேர்ந்து தொப்பியும் திரும்புதா? சில தொப்பி நம்மளக் குருடாக்கிரும்."

"திரும்புதுப்பா. தோள்தான் கொஞ்சம் அகலம்."

"இருக்கட்டும். தாராளமாவே இருக்கட்டும்."

அஸ்லக் கிட்டே வந்து காலரைத் தூக்கிவிட்டு, ஜிப்பைத் தாடைவரை தன் கையாலேயே ஏற்றினார். கையுறையோடு பிடிக்க முடிகிறதா என்று ஜிப்பின் முனையைத் தடவிப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களுக்குப் பிறகு அவர் அப்படிச் செய்ததில்லை.

"கடைசியில மகளைக் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள் பெர்கிட். "நல்ல காரியம், அஸ்லக். ஊர்ல எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருந்தோம்."

அஸ்லக் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"மகனுக்கு. யோஸ்டெய்ன் வியாழக்கிழமை வர்றான். ரெண்டு பேரும் ஒரே உசரம், அதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

பெர்கிட் சட்டென்று பில் போடும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூரிட் ஜிப்பை இறக்கினாள், கைகளை உருவினாள், ஜாக்கெட்டை ஒழுங்காய் மடித்து மேஜைமேல் வைத்தாள். மடிக்காமல் எறிந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறிய பிறகுதான் பேச்சு வந்தது.

"அண்ணனுக்கு ஒரு முள் கோர்க்கத் தெரியுமாப்பா?"

"கத்துக்குவான். பெர்கன்ல வேலை போச்சு, பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா. அவனுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும்."

"எனக்கு?"

"உனக்கென்ன? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரிஞ்சவ கரையில நிக்கணும், தெரியாதவன் கடலுக்குப் போகணும். நல்ல நியாயம்."

"படகு அவனுக்கு வர வேண்டியது, தூரிட். இந்த வருஷம் பழகலேன்னா எப்பப் பழகுவான்?" கண்ணாடியில் விழுந்த பனியைத் துடைப்பான் இரண்டு தரம் வழித்தது. "நாளைக்குத் தொட்டியெல்லாம் தயாரா?"

"உங்க மகன் வந்து கோர்ப்பான்."

அன்று சாயங்காலமே ஹில்மரைப் பார்க்கப் போனாள். ஹில்மர் படகு அஸ்லக்குடையதைவிடச் சின்னது, பழையது. வாயைத் திறந்தால் வசவு என்பதால் அவரிடம் யாரும் ஒரு சீசனுக்கு மேல் நிலைப்பதில்லை.

"உன்னைச் சேத்துக்கிட்டா உங்கப்பன் என்னைக் கொன்னுருவானே."

"கொல்ல மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான்."

"அட, அப்படின்னா ரொம்ப நிம்மதி. வா."

பெர்கிட் அதே ரகத்தில் சின்ன அளவு ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தாள். தூரிட் அதை ஏறெடுத்தும் பார்க்காமல், மூலையில் கிடந்த வேறொன்றை எடுத்துக்கொண்டாள். கனமான, மட்ட ரகம். அந்தக் குளிர்காலம் முழுக்க இடது தோளில் தண்ணீர் இறங்கியது. மாற்றி வாங்கவில்லை.

யோஸ்டெய்ன் கெட்டவன் இல்லை. அவன் கேட்டு வந்த வேலையும் இல்லை அது. துறைமுகம் தாண்டியதும் வாந்தி, திரும்பும்வரை வாந்தி. கயிறு ஏறும்போது மீனைக் கொக்கியால் இழுக்கத் தெரியாமல் பாதியைக் கடலுக்கே விட்டான். அஸ்லக் கத்துவது ஹில்மர் படகுவரை கேட்கும். "அங்க பாரு, உன் அண்ணனுக்கு உபதேசம் நடக்குது" என்று ஹில்மர் காறித் துப்புவார். தூரிட் சிரிக்க மாட்டாள்.

பிப்ரவரி கடைசியில் யோஸ்டெய்ன் பெட்டியோடு ஹில்மர் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அந்த ஆரஞ்சு ஜாக்கெட் கையில் தொங்கியது.

"நான் போறேன். உன்னைக் கூட்டிக்கச் சொல்லி அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பேச்சை மாத்திட்டார்." ஜாக்கெட்டை நீட்டினான். "இது உனக்கு வந்திருக்க வேண்டியது. வெச்சுக்கோ."

"நீயே கொண்டு போ. பெர்கன்லயும் மழைதானே."

அவன் அதைப் போட்டுக்கொண்டே பேருந்துக்குப் போனான்.

அதன்பின் அஸ்லக் தனியாகவே கடலுக்குப் போனார். இரை கோர்க்கவும் தனி, கயிறு இழுக்கவும் தனி. அறுபத்திநாலு வயது. காலையில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்போது இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் போகும். படகுக்குப் படகு பேசும் ரேடியோவில் அவர் "வாடைக்காத்து ஏறுது" என்பார். "ஏறுது" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வரும், இன்றைக்கு வரும் என்று ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வராது. ஹில்மர், "நீயாத்தான் கேளேன், கழுதை" என்றார் ஒருநாள். "கேட்டாச்சு, கிறிஸ்துமஸ்லயே" என்றாள்.

ஈஸ்டர் முடிந்து, மீன் இறக்கும் இடத்தில் யாரோ சொல்லித்தான் படகை விற்றது அவளுக்குத் தெரிந்தது. நேரே வீட்டுக்குப் போனாள். அஸ்லக் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"படகை வித்துட்டீங்களாமே."

"ம். ஹாமர்ஃபெஸ்ட்காரன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீதான் ஹில்மர்கூடப் போயிட்டியே."

"நீங்க கூப்பிட்டிருந்தா..."

"சொந்தப் படகுக்குக் கூப்பிட்டாத்தான் வரணுமா?"

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் ஜனவரியில் வண்டியிலேயே சொல்லித் தீர்த்திருந்தாள்.

வாங்கியவன் பெயர் சீவெர்ட். நல்ல வெயிலடித்த நாளில் படகை எடுத்துப்போக வந்தான். தூரிட்டைத் தேடிக் கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"உங்க அப்பா உங்களைக் கேக்கச் சொன்னார். இந்தப் படகு அவரைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமாமே. குளிர்ல இன்ஜின் அடம் பிடிச்சா எழுப்பற பக்குவம் உங்க கைக்குத்தான் வரும்னார். இந்த ஊர்லயே உங்களை மாதிரி ஆள் கிடையாதுன்னார்."

தூரிட் எட்டிப் பார்த்தாள். அஸ்லக் துறைமுகச் சுவர்மேல் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கடற்காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தியை வைத்துவிட்டு வந்தாள். சுக்கான் எந்தப் பக்கம் இழுக்கும், மீன் நிறைந்தால் எப்படிச் சாயும், எந்த ஆணியில் தண்ணீர் கசியும், இன்ஜினை முதல் தடவை எப்படித் தட்டி எழுப்புவது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தாள். எதையும் மறைக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று கரைக்குத் தாவினாள்.

படகு அலைதடுப்பைச் சுற்றி மறைந்தது. அஸ்லக் கிட்டே வந்தார்.

"வீட்டுக்கு வா. சூப் வெச்சிருக்கேன்."

"இவ்வளவு நாளா அதை என்கிட்டச் சொல்ல முடியலையாப்பா உங்களுக்கு?"

"எதை?"

"ஹாமர்ஃபெஸ்ட்காரன்கிட்டச் சொன்னதை."

"சூப் ஆறிரும்" என்றார் அஸ்லக்.

"ஹில்மர் காத்துட்டிருக்கார். இரை கோர்க்கணும்."

கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கானாங்கெளுத்தி இன்னும் கல்லாக உறைந்துதான் கிடந்தது. கத்தி இறங்க வெகுநேரம் பிடித்தது.