பின்ரூம் ஜன்னல்

பனி கொட்டுற இந்த ஊர்ல இருபது வருஷமா வீடு வீடா போய் ஓட்டை அடைக்கிறவன் நான். குளிர்காத்து உள்ளே வராம, சூடு வெளியே போகாம வீட்டை இறுக்கிக் கொடுக்கிறதுதான் என் பொழப்பு. இதுல நான் கத்துக்கிட்டது, வீட்டுக்காரங்க சொல்றதை நம்பவே கூடாது. "அந்த ஜன்னல்ல ஒண்ணும் இல்லைங்க"ன்னு எவன் அடிச்சுச் சொல்றானோ, அவன் வீட்டுல அங்கதான் காத்து பிச்சுக்கிட்டு வரும். "உங்களுக்குச் சந்தேகம் ரத்தத்துலயே ஊறிப்போச்சு"ன்னு என் பொண்டாட்டி சொல்லுவா. ஊறினா ஊறட்டும்.

தங்கச்சி வீட்டுக்கு நானா வலியப் போய்தான் வேலை செஞ்சேன். போன குளிர்காலத்துல பிடிச்ச இருமல் அவளை இன்னும் விடல. "இன்னொரு தடவை நெஞ்சுல சளி கட்டினா ஆஸ்பத்திரியில சேர்க்கவேண்டியதுதான், வீட்டைக் கதகதப்பா வெச்சுக்கோங்க"ன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். பத்தாததுக்கு அவ பையன் வீட்டை விட்டுப் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு. அப்பனுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை. "இனிமே இந்த வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே"ன்னு மாப்பிள்ளை கத்தினார். இருபத்திரெண்டு வயசு ரோஷம், பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். போன் நம்பரையும் மாத்திட்டான். அன்னையிலேருந்து அவ பாதி உயிர்தான். மாப்பிள்ளையோ மகன் பேச்சையே எடுக்கிறதில்ல. பஸ் ஓட்டி ரிட்டயரான மனுஷன், டீயை உறிஞ்சிக்கிட்டு ரோட்டைப் பார்த்து உக்காந்திருப்பார். கல்நெஞ்சுக்காரர்னு நான் அப்பவே முடிவு கட்டிட்டேன்.

வாசக்கதவுச் சட்டத்துல துணித்திரையை இழுத்து மாட்டி, நடுவுல பெரிய ஃபேனை வெச்சு ஓட்டினேன். வீட்டுக்குள்ள இருக்கிற காத்தை அது வெளியே உறிஞ்சும். எங்கெங்க இடுக்கு இருக்கோ அங்கெல்லாம் வெளிக்காத்து உள்ளே பாயும். மெல்லிசா புகை விடுற பேனாவைப் பக்கத்துல காட்டினா புகை ஆடி ஆடிக் காட்டிக்கொடுத்துடும். காத்து எவ்வளவு ஒழுகுதுன்னு காட்டுற மெஷின்ல நம்பர் எட்டு. நல்ல வீடுன்னா மூணு தாண்டக்கூடாது.

ரெண்டு நாள் வேலை. பரண்ல பஞ்சு விரிச்சேன். ப்ளக் பாயிண்டு, குழாய் நுழையிற இடம், கதவுக்கு அடியில, ஒண்ணு விடாம அடைச்சேன். அப்பவும் அஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. பின்ரூம் கதவுக்கிட்ட காட்டினாத்தான் புகை பிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் சிதறுது. தட்டுமுட்டுச் சாமான் போடுற ரூம் அது.

"அந்த ரூம் வேணாம் மச்சான்"னார் மாப்பிள்ளை.

"ஏன்?"

"ஒரே ஈரம், குப்பை. அங்க ஒண்ணும் இல்ல."

ஒண்ணும் இல்லையாம்! எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. தங்கச்சியைக் கேட்டேன். "தூசி ஆகாது, குளிரு ஆகாதுன்னு என்னை அந்தப் பக்கமே விட மாட்டேங்கிறார் அண்ணா. சாவி அவர் பாக்கெட்லதான்"னு சொல்லிட்டு, அதுக்கே ஒரு நிமிஷம் இருமினா. பொண்டாட்டி மேல திடீர்னு என்ன அக்கறை? அவர் முழியே சரியில்ல.

மறுநாள் மத்தியானம் அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். சட்டை மாத்தினவர் சாவியைப் பழைய சட்டையிலயே விட்டுட்டார். நான் சும்மா விடுவேனா?

உள்ள நுழைஞ்சா பல்லு கிட்டிக்குது. வீட்டுக்குப் பின்னால இருக்கிற சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல். கொக்கியே இல்ல, ஸ்க்ரூ கழட்டின துளை மட்டும் இருக்கு. கண்ணாடிப் பலகை முழுசா மூடாம இருக்க அடியில அட்டையை மடிச்சுச் சொருகியிருக்கு. வெளியிலேருந்து ஒரு விரலால தள்ளினா திறந்துக்கும். பக்கத்துல ஒரு பெஞ்சு. அது மேல ஒரு கம்பளி, ஒரு டார்ச், ரெண்டு பாக்கெட் க்ரீம் பிஸ்கட்.

குட்டு வெளிப்பட்டுச்சுடா சாமி! மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பைத் தொடவே கூடாதுன்னிருக்கார். இங்க வந்து திருட்டுத்தனமா பிஸ்கட் தின்னுக்கிட்டு, ஒருவேளை ஜன்னல் வழியா சிகரெட்டும் ஊதிக்கிட்டு இருக்கார் மனுஷன். அதுக்காக என் தங்கச்சி இந்தக் குளிருல நெஞ்சு கிழிய இருமணும்! எனக்கு ஆத்திரம் தாங்கல. அட்டையைப் பிடுங்கி எறிஞ்சேன். பலகையை இழுத்து மூடி, ரெண்டு பக்கமும் நீள ஸ்க்ரூ முடுக்கினேன். சுத்தி இடுக்கை அடைக்கிற ஃபோம் அடிச்சு, அதுக்கு மேல சிலிக்கான் பசையும் இழுத்தேன். பிஸ்கட்டை என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டையிலயே திரும்பப் போட்டேன்.

ஃபேனை ஓட்டினா ரெண்டே முக்கால்! இனிமே தின்னுடா பிஸ்கட்டுன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள கிளம்பிட்டேன். சிலிக்கான் காய்ஞ்சப்புறம் மறுநாள் ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கிறது என் வழக்கம். சண்டையை அப்ப வெச்சுக்கலாம்னு நினைச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பனி கொட்டித் தீர்த்துச்சு. காலையில நான் போறப்ப சந்து முழுக்க வெள்ளை. மாப்பிள்ளை ஸ்வெட்டர்கூட இல்லாம அந்த ஜன்னலுக்கு வெளியே நின்னு தரையையே பார்த்துக்கிட்டிருந்தார்.

பனியில கால்தடம். தெருவுலேருந்து நேரா ஜன்னலுக்கு வந்திருக்கு. ஜன்னலுக்கு அடியில ரொம்ப நேரம் நின்னு மிதிச்ச மாதிரி பனி நசுங்கியிருக்கு. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயிருக்கு. கண்ணாடியில படிஞ்சிருந்த பனியில அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு.

"பார்த்தீங்களா!"ன்னு குதிச்சேன் நான். "திருடன்! நான் மட்டும் நேத்து அடைக்கலேன்னா உள்ள பூந்திருப்பான். கொக்கியைக் கழட்டி வெச்சுக்கிட்டு, திருட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டு..."

அவர் திரும்பினார். கண்ணு ரெண்டும் ரத்தமா சிவந்திருந்துச்சு.

"நீங்களா அடைச்சீங்க?"

"நான்தான். அதுக்கென்ன?"

"என் பையன் மச்சான் அது."

பனியில இருந்த தடத்தை மறுபடி குனிஞ்சு பார்த்தேன் நான்.

கோர்வையில்லாமத்தான் சொன்னார். குளிர் ஆரம்பிச்சப்ப ஒரு நாள் காலையில பின்ரூமுக்குப் போயிருக்கார். பழைய கம்பளி நாலா மடிஞ்சு பெஞ்சு மேல இருந்துச்சாம். அந்த வீட்டுல அப்படி மடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். படிக்கிற காலத்துல ஊர்சுத்திட்டு லேட்டா வந்தா அந்த ஜன்னல் வழியாத்தான் ஏறுவானாம். அன்னைக்கே இவர் கொக்கியைக் கழட்டிட்டார். அவனுக்குப் பிடிச்ச பிஸ்கட்டை வாங்கி வெச்சார். அடுத்த வாரம் பாக்கெட் காலி. இது வரைக்கும் ஆறு தடவை வந்திருக்கான்.

"உங்களுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"பிஸ்கட் தானா வருமா மச்சான்? தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம். வாடான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. ஜன்னலைத்தான் திறந்து வெக்க முடிஞ்சுது."

"தங்கச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அந்த நெஞ்சோட ராத்திரி பூரா அங்கயே உக்காந்திருப்பா. அவளைப் பார்த்தா இவன் மிரண்டு வராம போயிடுவான்." கண்ணாடியில இருந்த விரல் தடத்தைத் தொடப் போனவர் கையைப் பின்னால இழுத்துக்கிட்டார். "நான் அடைச்சிட்டேன்னுல்ல நினைச்சுக்கிட்டுப் போயிருப்பான்."

அய்யோ, அந்த ஒரு வார்த்தை! செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. கல்நெஞ்சுன்னு நான் ஒண்ணரை வருஷமா திட்டினது இந்த மனுஷனைத்தான்.

தடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினோம். முன்னால மாப்பிள்ளை வீட்டுச் செருப்போட, பின்னால நான். சந்து முடிஞ்சு, பேக்கரி தாண்டி, பஸ் நிக்கிற இடம் வரைக்கும் தடம் இருந்துச்சு. அதுக்கப்புறம் ரோட்டுல பனியை வழிச்சு உப்புப் போட்டுட்டாங்க. ஒரு தடமும் இல்ல.

திரும்பி வந்தப்ப தங்கச்சி போர்வையைச் சுத்திக்கிட்டு ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. "இடது கால் உள்ளே சாய்ஞ்சிருக்கு. அவன் நடை"ன்னா. அப்புறம் புருஷனைப் பார்த்து, "நல்லா இருக்கானா?"ன்னு கேட்டா. "பிஸ்கட்டை ஒண்ணுகூட விடாம தின்னுடுவான்"னார் அவர். அவ சிரிச்சா, அழுதா, ரெண்டும் இருமல்ல போய் முடிஞ்சுது. கத்தப்போறான்னு நான் தலையைக் குனிஞ்சு நின்னேன். அவ கத்தல. "அண்ணா, கத்தியை எடு"ன்னா.

நானே போட்ட ஃபோமை நானே அறுத்தேன். ஸ்க்ரூவைக் கழட்டினேன். சிலிக்கானைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு, பாழாப்போனதை அவ்வளவு நல்லா இழுத்திருந்தேன். அவ நெஞ்சுக்கும் வழி பண்ணணுமே. பின்ரூமையே வெளிப்புறம்னு கணக்கு வெச்சு, அந்த ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கதவைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டி இறுக்கினேன். வீட்டுப் பக்கம் பூட்டு மாட்டியிருந்த தாழ்ப்பாளை மட்டும் கழட்டச் சொன்னா அவ. வீட்டுக்குள்ள வரணும்னு தோணினா அவன் வரட்டுமாம். பெஞ்சு மேல தன் கட்டில்ல இருந்த நல்ல மெத்தையைப் போட்டா. மாப்பிள்ளை கடைக்குப் போய் நாலு பாக்கெட் வாங்கிக்கிட்டு வந்தார். என் பையில இருந்த ரெண்டையும் நான் எடுத்து அதுகூட வெச்சேன்.

கிளம்பறதுக்கு முன்னால ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி, வெளியே பார்த்த மாதிரி கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். மூணு வாரமாச்சு. பாக்கெட் இன்னும் பிரிபடல. மாப்பிள்ளை தினம் காலையில சந்துக்குப் போய் நின்னுட்டு வர்றார். வேலைக்குப் போற வழியில நானும் போய்ப் பார்க்கிறேன். ஈரத்துல எழுத்து கரைஞ்சா புதுசா எழுதி ஒட்டுறேன்:

"அடைச்சது உங்கப்பா இல்லடா. மாமா. தள்ளு, திறக்கும்."