புன்னைமேட்டுக் காற்றாலைப் பட்டிமன்றம்

தமிழ்ச்செல்வி கையில் மைக் போனால் திரும்பி வராது என்பது புன்னைமேட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். சாப்பாட்டு மணி பழுதாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் குரல் இருக்கும்போது மணி எதற்கு என்று யாரும் அதைச் சரி செய்யவில்லை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே அவள் குரல் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகம்.

அப்படிப்பட்டவள் பத்து நாளாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தவித்தாள்.

ஊரைச் சுற்றி ஐந்து காற்றாலைகள் நிறுத்த ஒரு கம்பெனி வந்திருந்தது. ஒவ்வொன்றும் நானூறு அடி. மூன்றாம் எண் காற்றாலை அவள் வீட்டுக்குக் கிழக்கே, அவள் புருஷனின் அண்ணன் முனிசாமியின் கீழக்கொல்லை நிலத்தில் வருவதாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் கல் நட்டு, சிவப்புப் பெயின்ட்டில் 3 என்று எழுதிவிட்டுப் போனார்கள். நிலத்துக்கு வாடகை வரப்போகிற சந்தோஷத்தில் மறுநாளே முனிசாமி அந்தக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்.

காற்றாலை மேல் தமிழ்ச்செல்விக்குப் பகை ஒன்றும் இல்லை. அவள் கவலையெல்லாம் புருஷன் வெங்கடேசனின் தூக்கம். நாவலூர் ஆபீசுகளுக்கு ராத்திரி ஷிப்ட் வேன் ஓட்டுகிறவன் அவன். சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பினால் காலை ஆறரைக்கு வீடு. நாஸ்தா ஆனதும் ஏழு மணிக்குப் படுத்து மத்தியானம் எழுந்திருப்பான். படுக்கிற அறைக்கு ஜன்னல் கிழக்குப் பக்கம். வெளிச்சத்தில் காக்கா குறுக்கே போனால்கூடக் கண்ணைத் திறக்கிற மனுஷன். சூரியனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய ரெக்கை சுற்றினால் என்ன ஆவது?

இன்னொன்றும் இருந்தது. போன ஆடியில், கேளம்பாக்கம் பக்கத்தில், ஒரு நொடி கண் அசந்து வேனை மீடியன் மேல் ஏற்றிவிட்டான். வண்டியில் ஆள் இல்லை, அடியும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். தெரிந்தால் வேலையை விடு என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார் முனிசாமி. அப்பா இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

தூக்கம் என்று பேச்செடுத்தாலே அவர் தோண்டித் துருவிவிடுவார் என்பதால் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கருத்துக் கேட்கக் கூட்டம் போடுவார்கள், அதிகாரி வருவார். அவரைத் தனியாகப் பார்த்து, கல்லைக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லிக் கேட்டுக்கொள்வது.

அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தது. காற்றாலைகளின் நன்மை தீமைகள் குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளி வளாகம் என்று போட்டிருந்தது. நன்மை தீமை என்பதைப் படித்ததும் ஊருக்கு மிச்சம் எதுவும் கண்ணில் படவில்லை. அம்மன் திருவிழாவில் பத்தொன்பது வருஷமாகப் பட்டிமன்றம் நடத்துகிற ஊர் அது. ஊராட்சித் தலைவர் அன்றைக்கே ஷாமியானாவுக்கும் சவுண்டு செட்டுக்கும் சொல்லிவிட்டார். நடுவர் நாற்காலிக்கு வழக்கம்போல மாமல்லபுரத்து ராஜகோபாலன் சார், ரிட்டயர் ஆன தமிழாசிரியர். தலைப்பு எதுவானாலும் இரண்டும் வேண்டும் என்றுதான் அவர் தீர்ப்புச் சொல்வார். ஒரு வருஷம் குடிப்பதா கூடாதா என்ற தலைப்புக்கும் அதையே சொல்லிவிட்டு, காபியைத்தான் சொன்னேன் என்று சமாளித்தார்.

புன்னைமேட்டில் அணியைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். முன்பொரு தடவை மாமியாரா மருமகளா என்று தலைப்பு வைத்து, நிஜ மாமியாரும் நிஜ மருமகளும் அவரவர் பக்கம் பேசப்போய், தீர்ப்பைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து விபூதித் தட்டில் சீட்டு, அம்மன் சந்நிதியில் எடுப்பு. வந்ததை மாற்ற முடியாது.

தமிழ்ச்செல்விக்கு நன்மை வந்தது. முனிசாமிக்குத் தீமை.

பட்டிமன்றம் முடிந்த பிறகுதானே அதிகாரி கருத்துக் கேட்பார் என்று அவள் தலைவரைக் கேட்டாள். பின்னே, முன்னாடியா கேட்பாங்க என்றார் அவர். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முனிசாமி எந்தப் பக்கம் கிடைத்தாலும் உயிரை விட்டுப் பேசுகிற ஆள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் டேப்பும் கையுமாகக் கீழக்கொல்லைக்கு வந்தார். பனைமரத்தடியில் நிற்பார், தரையில் கோடு கிழிப்பார், அங்கிருந்து தமிழ்ச்செல்வி வீட்டுச் சுவர் வரைக்கும் டேப்பை இழுப்பார். எல்லைத் தகராறுக்குத்தான் அடி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் அவள். இன்னா மாமா அளக்கறீங்க என்று கேட்டதற்கு, மேடையில தெரியும் போ என்றார். நாலு நாள் அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்பவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி மானசா வந்து இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். கூடவே லேப்டாப், வீடியோ எடுக்க ஒருவர், கம்பெனி சார்பில் ஹரிசங்கர் என்கிற இன்ஜினீயர். இறங்கினவளுக்குச் சால்வை போர்த்தி, மேடையில் உட்காரவைத்து, சோடா கொடுத்தார்கள். பொதுமக்கள் எப்போது பேசுவார்கள் என்று அவள் கேட்டாள். இதோ ஆரம்பிச்சிட்டாங்க மேடம் என்றார் தலைவர். அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டாள்.

தமிழ்ச்செல்வி அடக்கமாக ரெண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காருவதாகத்தான் எழுந்தாள். ஆனால் மைக் கையில் வந்துவிட்டது.

"கடல் காத்து இந்த ஊர்ல எத்தினி வருசமா வேல வெட்டி இல்லாம சுத்திகினு கீது. அதுக்கு ஒரு வேல போட்டுக் குடுத்தா இன்னா தப்பு?"

கைதட்டல் வந்தது. அதற்கப்புறம் அவளை யார் பிடிப்பது? புகையில்லை, கரியில்லை, புயலடித்தால் நாலு நாள் இருட்டில் கிடக்க வேண்டியதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனவள், எதிரணியின் பக்கம் திரும்பினாள்.

"சத்தம் வரும், தூக்கம் கெடும்னு சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரரு கொறட்டையத் தாண்டி எந்தக் காத்தாடி சத்தம் உள்ள வந்துரும்?"

ஷாமியானா அதிர்ந்தது. தான் சொன்னது தன் காதில் விழ அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை, இது பட்டிமன்றம்தானே என்று உட்கார்ந்தாள்.

அடுத்து முனிசாமி. பறவைகள் அடிபடுவதைச் சொன்னார், கனரக லாரி வந்தால் ஏரிக்கரை ரோடு தாங்காது என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"கொல்லையில கீற பனமரம் நாப்பது அடி. அதோட நெழல நாலு நாள் டேப் வச்சி அளந்துகீறேன். காத்தாடி அதுக்குப் பத்து மடங்கு ஒசரம். கணக்குப் போட்டா, ஏழு மணிலேர்ந்து எட்டரை வரைக்கும் ரெக்கையோட நெழலு என் தம்பி படுக்கற ஜன்னல்ல வந்து வந்து போவும். நிமிசத்துக்கு முப்பது தரம். ராவெல்லாம் வண்டி ஓட்டினு வந்து படுத்தவன் எப்படிம்மா தூங்குவான்?"

கடைசி வார்த்தைக்குக் குரலை உடைத்தார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்ச்செல்வி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக அவள் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நடுவர் தொண்டையைச் செருமுவதற்குள் மானசா எழுந்து, எல்லாக் கருத்தும் பதிவாகிவிட்டது, கையெழுத்துப் போட்டால் கூட்டம் முடிந்தது என்று சொல்லிப் படிக்கவும் ஆரம்பித்தாள்.

"மூன்றாம் எண். பக்கத்து வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வி, முழு ஆதரவு, சத்தத்தால் பாதிப்பில்லை என்கிறார். நில உரிமையாளர் முனிசாமி, கடும் எதிர்ப்பு."

முனிசாமி பதறிப்போய்க் கையைத் தூக்கினார்.

"மேடம், அது அம்மன் குடுத்த சீட்டு. என் கருத்து இல்ல" என்றார் முனிசாமி.

ராஜகோபாலன் சார் பட்டிமன்ற மரபை முதலிலிருந்து விளக்கினார். மானசா சால்வையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு, மைக்கை அணைத்துவிட்டு அவரவர் மனசில் இருப்பதை மட்டும் சொல்லச் சொன்னாள்.

முனிசாமி முதலில் எழுந்து, காற்றாலை தனக்கு வேண்டும் என்றார்.

"அப்படின்னா இந்த அளவெல்லாம் பொய்யா?" என்று அவர் காகிதத்தை வாங்கித் தூக்கிக் காட்டினாள் மானசா.

தோராயமாகத்தானே அளந்தீர்கள் என்று ஹரிசங்கர் ஆவலாக எடுத்துக்கொடுத்தார். முனிசாமி கூட்டத்தைப் பார்த்தார். சற்றுமுன் அவருக்காக அழுத கூட்டம் அது.

"தோராயமெல்லாம் இல்ல. நெழல் பொய் சொல்லாது மேடம்."

தமிழ்ச்செல்வியின் முறை வந்தது. மைக் இல்லாமல் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ சத்தமாகப் பேசச் சொன்னார்கள். அவள் ஆயுசில் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"அவரு தூங்கணும் மேடம். போன ஆடியில கேளம்பாக்கத்தாண்ட ஒரு செகண்டு கண் அசந்துட்டாரு. வண்டி மீடியன் மேல ஏறிடுச்சி. தூக்கம் போச்சின்னா இன்னொரு தபா ஆயிடும்."

முனிசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"வேலய வுடச் சொல்லுவீங்கன்னுதான் மாமா."

"சொல்லத்தான் சொல்லுவேன்" என்றவர், மானசாவிடமிருந்து தன் காகிதத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு மேலக்கொல்லன்னு ஒண்ணு கீது மேடம். வூட்டுக்கு அந்தாண்ட, மேக்கால. அங்க நட்டா நெழலு சாயங்காலம்தான் வூட்டு மேல வரும். நாலரைக்கே என் தம்பி கெளம்பிப் போயிடுவான்."

ஹரிசங்கர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தூரமும் இதைவிட அதிகம், சத்தமும் குறையும், திரும்ப சர்வே செய்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். மானசா அதையும் பதிவு செய்து, இரண்டு பேரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஒன்றரை மாதத்தில் கீழக்கொல்லையிலிருந்து கல்லைப் பிடுங்கி, குங்குமத்தோடு மேலக்கொல்லையில் நட்டார்கள். அது பிற்பாடு.

அன்றைக்கு நடுவர் தீர்ப்பு ஒன்று பாக்கி இருந்தது. காற்றாலையும் வேண்டும், தூக்கமும் வேண்டும் என்றார் ராஜகோபாலன் சார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் சிரிக்கவில்லை. சிறந்த பேச்சாளருக்கு வைத்திருந்த எவர்சில்வர் குடத்தையும் அதே தீர்ப்புப்படி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி முனிசாமியும் தமிழ்ச்செல்வியும் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அழவைத்தவர் தான் என்பதால் குடம் தனக்குத்தான் என்றார் அவர். சிரிக்கவைப்பதுதான் கஷ்டம் என்றாள் அவள். மைக் இல்லாமலே குரல் திரும்பிவிட்டது. அவரும் விடவில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

கதவு திறந்தது. தலை கலைந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு வெங்கடேசன் நின்றான்.

"அண்ணாத்த, அந்தக் காத்தாடியையே கொண்டாந்து என் ஜன்னலாண்ட நட்டுட்டுப் போங்க. உங்க ரெண்டு பேருக்கு அது எவ்வளவோ தேவலாம்."

தமிழ்ச்செல்வி குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டுக்கினீங்களா மாமா? இதுவும் எங்க அணி பாயிண்ட்டுதான்."