காலித் தட்டும் பழுப்பாயிற்று

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. என் தலையைக் குனியவைத்துக்கொண்டு கடைக்காரர் சொன்னார்: "எங்க அக்கா கம்ப்யூட்டர்ல மருந்து தேடுறாங்க சார்." எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பார்க்கிறார்களாக்கும் என நினைத்துத் தலையாட்டினேன். ஆட்டியதில் காதோரம் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று. அந்த ஒரு வரிதான் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மனித குலத்தின் இருளை அகற்றப் புறப்பட்ட ஓர் ஒளிக்கீற்றாக அவள்...'

(வெண்புள்ளிக்கு மருந்து தேடுகிற கதையில் இருளை அகற்றுவதா? விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: முடிவெட்டும் தம்பியின் கைகளில் வெண்புள்ளி படர்ந்திருந்தது. தொட்டால் ஒட்டாது என்று எத்தனை தடவை சொன்னாலும், வந்தவர்கள் பக்கத்து நாற்காலி காலியாகும்வரை பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஆய்வகத்தில் இருந்தாள். தோலில் மிச்சமிருக்கும் நிறச் செல்களை உசுப்பிவிடும் சேர்மம் எது? லட்சக்கணக்கான சேர்மங்களைக் கணினியிலேயே ஒரு புரதத்தில் பொருத்திப் பார்த்து, தேறாதவற்றைக் கழித்துக்கட்டுவது அவள் வேலை.

(பூட்டு, சாவி உவமையை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். கடையிலுள்ள செருப்பையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் போகும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.)

3

கணினி முதலிடம் கொடுத்த சேர்மத்தை, செல்கள் வளரும் தட்டில் விட்டார்கள். தட்டு பழுப்பானது; செல்கள் நிறம் சுரந்துவிட்டன என்றார்கள். ஆய்வக இயக்குநர் உடனே பத்திரிகையாளர் கூட்டத்துக்கு நாள் குறித்தார். (தும்மினால்கூட அதை வரலாற்றுத் தருணம் என்பவர். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன்.) மருந்து கிடைத்துவிட்டது என்று தம்பி கடை முழுக்கச் சொல்லிவிட்டான்.

அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. செல்லே இல்லாத தட்டில் அதே சேர்மத்தை விட்டுப் பார்த்தாள். அதுவும் பழுப்பாயிற்று. ஆக, செல்கள் எதையும் சுரக்கவில்லை; காற்றுப்பட்டால் பழுப்பாவது அந்தச் சேர்மத்தின் குணம். கணினி வடிவத்தைத்தான் பார்த்தது. நிறத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

"சார், இது மருந்தில்ல. சாயம்."

"அதையே கொஞ்சம் நல்லவிதமா சொல்ல முடியாதாம்மா?"

"நல்ல சாயம் சார்."

கூட்டம் ரத்தானது. இயக்குநருக்கு வேறு தருணம் கிடைத்துவிடும். தம்பிக்கு?

4

முடிவு, ஒன்று: கணினி சொன்ன அடுத்த சேர்மம் பலித்துவிடுகிறது. அவன் கைகளில் மெல்ல...

(வேண்டாம். எனக்கு மைச்செலவோடு போயிற்று. நிஜமாகவே காத்திருக்கும் ஒருவர் இதைப் படித்துத் தொலைத்தால்?)

முடிவு, இரண்டு: அவள் தம்பியிடம் மறைத்துவிடுகிறாள்.

(எழுதிப் பார்த்தேன். அந்த முடிவுக்குள் அவள் வர மறுத்துவிட்டாள்.)

முடிவு, மூன்று: அவளே கடைக்குப் போகிறாள். நாற்காலியில் யாரோ ஒருவர். தம்பி கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துவிடுகிறான்.

"வாக்கா, உக்காரு. இந்த நேரத்துல வந்திருக்க? மருந்து வந்துருச்சா?"

"இல்லடா. உன்கிட்ட..."

"முதல்ல எந்தக் கையில போடுவாங்க? வலது கைல போடச் சொல்லுக்கா. கத்தரி பிடிக்கிற கை. இடது மெதுவா வரட்டும், அவசரமில்ல."

அதற்கு அவள் சொல்லும் பதில் என்னிடம் இல்லை. எழுதியதெல்லாம் ஆய்வறிக்கை மாதிரி வந்தது. உங்களுக்கு ஒரு தம்பியோ அக்காவோ இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான்.