மூன்றாவது விதி

யோசனைகளை இணையத்தில் போட்டு, அவற்றில் குறை சொல்பவர்களுக்குக் காசு கொடுக்கும் நிறுவனம் அது. எதற்குக் கொடுப்பது என்று விதி எழுதுபவருக்கு அலுவலகத்தில் பெயரே விதிக்காரர். குறைக்கு இவ்வளவு என்று முதலில் எழுதினார். குறை சொல்பவர்கள் மொட்டைத்தலையிலும் பேன் பார்த்தார்கள். யோசனைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் காசு என்று மாற்றினார். எல்லாரும் ஐஸ் வைக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவதாக, குறை சொல்பவர்களே ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட வேண்டும், ஓட்டே விழாதவரின் கணக்கு மூடப்படும் என்றார். அந்த விதிக்கே, அதே விதிப்படி, குறை கேட்டு இணையத்தில் போட்டார்.

எழுத்தின் அளவு சிறியது என்று இருநூறு பேர் எழுதி, தங்களுக்குள் ஓட்டும் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "இப்படி வெச்சா எல்லாரும் கூட்டத்தோடதான் பேசுவாங்க. தனியா உண்மையச் சொல்றவங்களத்தான் நீங்க தொரத்துவீங்க" என்று எழுதியிருந்தாள்.

விதிக்காரருக்குச் சுருக்கென்றது. மேலாளரின் அறைக்கு ஓடினார்.

"சார், இந்தப் பொண்ணு சொல்றது சரி. விதிய மாத்திடலாம்."

மேலாளர் திரையில் தேடினார். "எந்தப் பொண்ணு?"

ஓட்டு விழாததால் அவள் கணக்கு மூடப்பட்டுவிட்டது. அவள் எழுதியிருந்ததும் அதோடு போய்விட்டது.

"இருநூறு பேர்ல ஒருத்தர்கூட விதி தப்புன்னு சொல்லலையே," என்றார் மேலாளர். "இப்பதான் ஒழுங்கா ஒண்ணு எழுதியிருக்கீங்க."